புக்கெட் வேலை: விமானம் ஏறுமுன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஓட்டல் வேலை, சமையல் வேலை, தையற்கடை வேலை என்று ஆள் எடுக்கும் விளம்பரங்கள் நாளிதழ்களின் வரி விளம்பரங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓயாமல் வருகின்றன. பெரும்பாலானவற்றில் வாசகம் ஒன்றுதான்: "டூரிஸ்ட் விசாவில் போகலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம், சாப்பாடு, தங்குமிடம் இலவசம்." கடற்கரைப் படத்தையும் இந்த வரியையும் நம்பி நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்காக, அங்கே நடைமுறை என்ன என்பதை உள்ளது உள்ளபடி எழுதுகிறோம்.

முதலில் விசா. இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் அறிவித்தது. இந்த நாள்கணக்கை அந்நாட்டு அரசு எப்போது வேண்டுமானாலும் மாற்றும். அதனால் கிளம்பும் வாரத்தில் சென்னையிலுள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட வேண்டும். எத்தனை நாளாக இருந்தாலும் அது சுற்றிப் பார்க்கத் தரும் அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள், ஒரு வேளை வேலை செய்தாலும் குற்றம். சம்பளம் வாங்கவில்லை, பழகிப் பார்க்கத்தான் நின்றேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

அங்கே போய் மாற்றவே முடியாதா என்றால், முடியும். குடிவரவு அலுவலகத்தில் 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டி விசா வகையை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் தங்கும் காலம் குறைந்தது 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். முதலாளியின் நிறுவனப் பதிவு, வரிக் கணக்கு, தாய்லாந்து ஊழியர்களின் பட்டியல், வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதல் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். இவை உண்மையிலேயே தயாராக இருக்கிற முதலாளி, ஆளை டூரிஸ்டாக வரச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. "வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சு வரும்போதே காகிதம் சரியில்லை என்று சந்தேகப்படுவது நல்லது.

சரியான வழி இப்படித்தான் போகும். புக்கெட்டில் உள்ள முதலாளி அங்குள்ள மாகாண வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டபிள்யூ.பி.3 என்ற படிவத்தைக் கொடுத்து, இன்னாரை இன்ன வேலைக்கு எடுக்கிறேன் என்று ஒப்புதல் கடிதம் பெறுகிறார். அந்தக் கடிதத்தையும் நிறுவன ஆவணங்களையும் உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் இங்கிருந்தே இணையவழி விசா தளத்தில் வேலைக்கு வருவோருக்கான 'நான்-இமிகிரன்ட் பி' விசாவுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். படிப்புச் சான்றிதழ்களுக்கும் அனுபவச் சான்றிதழ்களுக்கும் நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பமும் தாய்லாந்துத் தூதரகத்தின் சான்றொப்பமும் கேட்பார்கள். இதற்கே சில வாரங்கள் ஆகும் என்பதால் இந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும். பி விசாவில் இறங்கினால் 90 நாள் தருவார்கள். அதற்குள் வேலை அனுமதியான ஒர்க் பெர்மிட்டை எடுத்து, அதைக் காட்டிக் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டுக்கு நீட்டிப்பு வாங்க வேண்டும். ஒர்க் பெர்மிட் கட்டணம் ஓராண்டுக்கு 3,000 பாட், நீட்டிப்புக்கு 1,900 பாட். இந்தச் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லாக விட்டால் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

முதலாளியின் தகுதியையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள, நிறுவனத்துக்கு 20 லட்சம் பாட் பதிவு முதலீடும், சமூகப் பாதுகாப்பில் பதிந்த நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பேர் வேண்டுமானால் 40 லட்சம், எட்டு ஊழியர். நாலு மேசை போட்ட சிறிய உணவகம் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து ஐந்து பேரை எடுக்கிறேன் என்றால், இந்தக் கணக்கைப் போட்டாலே அது பொய் என்று தெரிந்துவிடும். "உங்களிடம் எத்தனை தாய்லாந்து ஊழியர்கள் பதிவில் இருக்கிறார்கள்?" என்ற ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேளுங்கள். உண்மையான முதலாளி எண்ணைச் சொல்வார்.

அடுத்தது நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். ஒர்க் பெர்மிட் இருந்தாலும் எல்லா வேலையும் செய்துவிட முடியாது. வெளிநாட்டவர் செய்யக்கூடாத வேலைகள் என்று 40 தொழில்களைத் தாய்லாந்து பட்டியல் போட்டிருக்கிறது. முடி திருத்துவது, வண்டி ஓட்டுவது, சுற்றுலா வழிகாட்டி, தாய் மசாஜ், தெருவில் கூவி விற்பது, எழுத்தர் வேலை, தரகு ஆகியவை முழுத் தடையில் வருகின்றன. கடை முகப்பில் நின்று விற்பதும் உடலுழைப்புக் கூலி வேலையும், தாய்லாந்தோடு ஒப்பந்தம் போட்டுள்ள மியான்மர், லாவோஸ், கம்போடியா போன்ற அண்டை நாட்டவருக்கு மட்டுமே திறந்திருக்கின்றன. இந்தியருக்கு அந்தக் கதவு இல்லை.

பாத்தோங் கடற்கரைச் சாலையில் தையற்கடை வாசலிலும் இந்திய உணவக வாசலிலும் நின்று, போகிற வருகிறவர்களைக் கைகாட்டி உள்ளே அழைக்கும் வேலைக்குத்தான் நம் ஊரிலிருந்து இளைஞர்களைக் கூட்டிப் போகிறார்கள். ஆங்கிலம், இந்தி பேசுவார்கள், சிரித்துப் பேசுவார்கள் என்பதால். பெர்மிட்டில் 'மேலாளர்' என்று எழுதியிருக்கும். செய்வது வாசலில் ஆள் பிடிக்கும் வேலை. வேலைவாய்ப்புத் துறை அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் பெர்மிட்டில் எழுதியதையும் கையில் நடக்கும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். பெர்மிட் இல்லாமலோ அதற்குப் புறம்பாகவோ வேலை செய்தால் தொழிலாளிக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதன்பின் இரண்டு ஆண்டுக்குப் புதிய பெர்மிட் கிடையாது. முதலாளிக்கு ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை. முதலாளி பணத்தைக் கட்டிவிட்டு மறுநாள் வேறு ஒருவரை வாசலில் நிறுத்துவார். ஊர் திரும்புவது நம் பையன்தான், அடகு வைத்த நகை அடகிலேயே இருக்கும். அதனால் பெர்மிட்டில் என்ன பதவி எழுதப் போகிறார்கள், அன்றாடம் என்ன வேலை, எந்த முகவரியில் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்து போடக்கூடாது. சமையற்காரர் என்றால் சமையற்காரர் என்றே இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வருவோம். ஓராண்டு நீட்டிப்புக்குக் குடிவரவுத் துறை நாட்டுவாரியாகக் குறைந்தபட்ச வருமானம் வைத்திருக்கிறது. இந்தியர், இலங்கையருக்கு அது மாதம் 35,000 பாட். 18,000 தருகிறேன், 20,000 தருகிறேன் என்று பேசிக் கூட்டிப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பெர்மிட்டே எடுக்கமாட்டார்கள். அல்லது காகிதத்தில் 35,000 காட்டி, கையில் 20,000 தருவார்கள். இரண்டாவது வகையில், வராத பணத்துக்கும் வரி கணக்கு உங்கள் பெயரில் ஏறுகிறது. 35,000 சம்பளத்துக்கு ஆண்டு வருமானம் 4,20,000. அதில் செலவுக் கழிவு 1,00,000, தனிநபர் கழிவு 60,000, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் போனால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மிஞ்சும். முதல் ஒன்றரை லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5 விழுக்காடு. ஆக ஆண்டுக்குச் சுமார் 5,000 பாட் வரி. பெரிய தொகை இல்லைதான். ஆனால் சம்பளத் தகராறு என்று தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால், "35,000 வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே" என்று அதே காகிதத்தை முதலாளி நீட்டுவார். சம்பளம் வங்கிக் கணக்கு வழியாக முழுத் தொகையாக வர வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சம்பளத்தில் 5 விழுக்காடு பிடிப்பார்கள், அதற்கு உச்சவரம்பு உண்டு என்பதால் மாதம் ஆயிரம் பாட்டுக்குள் முடிந்துவிடும். இதை வீண் பிடித்தம் என்று நினைத்து "வேண்டாம், கையில் கொடுங்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. மூன்று மாதச் சந்தா சேர்ந்தபின், நீங்கள் பதிந்துகொண்ட மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். புக்கெட்டில் அரசின் பெரிய மருத்துவமனை வாசிரா. தனியார் மருத்துவமனைகள் சுற்றுலாப் பயணியின் காப்பீட்டை நம்பி நடப்பவை. ஓர் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சைக்கு அங்கே ஆகும் தொகை பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

இனி சீசன். குற்றாலத்தில் கடை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புக்கெட்டில் தென்மேற்குப் பருவமழை மே முதல் அக்டோபர் வரை. செப்டம்பரும் அக்டோபரும் கொட்டித் தீர்க்கும் மாதங்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பரில் அங்கே வானம் வெளுக்கும், கூட்டம் வரத் தொடங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு என்று ஏறி, ஏப்ரல் 13-15 சோங்க்ரான் பண்டிகையோடு இறங்கும். இந்த வளைவுதான் ஊழியரின் வாழ்க்கையை ஆட்டுகிறது. ஓட்டல்களில் அறை வாடகையோடும் சாப்பாட்டுப் பில்லோடும் வாங்கும் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிடுவார்கள். ஜனவரியில் வந்த பங்கை வைத்து வீட்டுக் கடன் தவணை போட்டவர் செப்டம்பரில் தவிப்பார். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். சேவைக் கட்டணத்தைச் சேர்த்துச் சொல்லும் தொகையைச் சம்பளம் என்று எண்ணக்கூடாது.

சீசன் முடிந்ததும் ஆளைக் குறைப்பது இன்னொன்று. தாய்லாந்துச் சட்டப்படி 120 நாள் வேலை செய்தவரை, அவர் தவறு எதுவும் இல்லாமல் நீக்கினால் 30 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும், ஓராண்டு ஆனவருக்கு 90 நாள், மூன்றாண்டுக்கு 180 நாள். 119 நாள் 'தகுதிகாண் காலம்' என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருப்பது ஏன் என்பது இப்போது புரியும். டிசம்பரில் எடுத்து மார்ச்சில் அனுப்பிவிடலாம். முடிந்தால் வேலையில் சேரும் மாதம் மே அல்லது ஜூன் ஆக இருக்கட்டும். மந்த காலத்தில் ஆள் எடுப்பவர் ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளும் எண்ணத்தில் எடுக்கிறார். வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஆண்டுக்கு 13 பொது விடுமுறை என்பவை சட்டம் தருபவை. வெளிநாட்டவர் என்பதால் இவை இல்லாமல் போகாது. இந்திய உணவகங்களில் காலை பதினொன்றுக்குத் தொடங்கி நள்ளிரவு வரை இழுக்கும் பழக்கம் இருப்பதால், நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது பின்னால் கைகொடுக்கும். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்து வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது இந்திய அரசின் சொத்து. ஒர்க் பெர்மிட் வேலைக்காகக் கேட்டால் அலுவலகத்துக்கு நீங்களே எடுத்துப் போங்கள், முடிந்ததும் வாங்கி வந்துவிடுங்கள்.

வேலை போனால் விசாவும் அன்றே போகும். நீட்டிப்பு அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையின் கடைசி நாள்தான் தங்கும் உரிமையின் கடைசி நாள். 1,900 பாட் கட்டி ஏழு நாள் கேட்டு வாங்கலாம், அவ்வளவுதான். அதனால் திரும்பும் விமானச் சீட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்காமல் யாரும் அங்கே இருக்கக்கூடாது. கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. தாமாகப் போய்ச் சொன்னால்கூட 90 நாளைத் தாண்டிவிட்டால் ஓராண்டு தடை. பிடிபட்டால், தாண்டியது ஒரே மாதமாக இருந்தாலும் ஐந்தாண்டுத் தடை. எல்லைக்குப் போய் முத்திரை குத்திக்கொண்டு மறுபடி உள்ளே வரும் பழைய உத்தியும் இப்போது செல்லாது, திருப்பி அனுப்புகிறார்கள்.

விசா சரியாக இருந்தும் சின்னச் சின்ன விதிகளில் வழுக்குகிறவர்கள் நிறைய. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின்வரை செய்யலாம், விட்டால் 2,000 பாட். வீட்டுக்காரர் உங்கள் பெயரை 24 மணி நேரத்துக்குள் டி.எம்.30 படிவத்தில் பதிய வேண்டும். அவர் செய்யாவிட்டால் உங்கள் நீட்டிப்பு மனுதான் நிற்கும். அதனால் வாடகை பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் வருத்தமானது ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்விட்டு அதே நீட்டிப்பில் திரும்பி வருவதற்கான அனுமதி. வீட்டில் ஒரு துக்கம் என்று அவசரமாகச் சென்னைக்கு ஓடி வருவார்கள். கிளம்புமுன் ரீ-என்ட்ரி வாங்காவிட்டால் ஓராண்டு நீட்டிப்பு விமானம் ஏறும்போதே ரத்தாகிவிடும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. நீட்டிப்பு வாங்கிய அன்றே இதையும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டால் அந்தப் பதற்றம் வராது. உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டிய இணையவழி வருகை அட்டை 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம், கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

தங்குமிடம் இலவசம் என்பதற்குப் பெரும்பாலும் பொருள், கடை மாடியில் ஆறு பேருக்கு ஓர் அறை. தனியாக எடுப்பதானால் புக்கெட் டவுன், கத்தூ பக்கம் ஓர் அறை 5,000 முதல் 8,000 பாட் வரை கிடைக்கும். பாத்தோங், கத்தா, பாங் தாவ் போன்ற கடற்கரைப் பக்கம் இதைவிட நன்றாகவே ஏறும். இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் சேர்த்து மூன்று மாதத் தொகை கையில் வேண்டும். ஜூன், ஜூலையில் மலிவாகக் கிடைக்கும் அறையை நவம்பரில் நாள் வாடகைக்கு மாற்ற வீட்டுக்காரர்கள் ஆசைப்படுவார்கள். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, தேதி போட்டு இருக்கட்டும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். அரசு விலை யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 பாட். வீட்டுக்காரர் மூலம் போனால் 7 அல்லது 8 பாட் வாங்குவது வழக்கம். 9,000 பி.டி.யு. ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து முதல் ஆறு யூனிட். மாதம் 150 முதல் 180 யூனிட், 8 பாட் கணக்கில் 1,200 முதல் 1,440 பாட் ஏசிக்கு மட்டும். ஏசி இல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரு மழைக்காலத்தைப் பார்த்தபின் மாறிவிடுவார்கள். செருப்பு, பெல்ட், சான்றிதழ் கோப்பு எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மாதம் ஒருமுறை பொட்டலத்தை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க ஆகாது. தெருமுனை எந்திரங்களில் லிட்டர் ஒரு பாட் அளவில் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் 20 லிட்டர் கேன். மார்ச், ஏப்ரலில் பல குடியிருப்புகளில் தண்ணீர் லாரி வரும்.

இருசக்கர வண்டியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புக்கெட்டில் நம்மவர் உயிரைப் பறிப்பது கடலைவிடச் சாலைதான். புக்கெட் டவுனிலிருந்து கடற்கரைகளுக்கு ஓடும் சொங்தாவ் என்ற ஷேர் வண்டிகள் மாலையோடு நின்றுவிடும். இரவு பதினொன்றுக்கு ஷிப்ட் முடிகிறவருக்கு டாக்சி, டுக்-டுக் கட்டுப்படியாகாது. எனவே எல்லோரும் 110, 125 சிசி ஸ்கூட்டரை மாதம் மூவாயிரம், நாலாயிரம் பாட் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்பார்கள். நகலும் முன்பணமும் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து வையுங்கள், பழைய கீறலுக்கு உங்களிடம் பணம் கேட்கும் வம்பு தவிரும்.

உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்தானால் உங்கள் பயணக் காப்பீடு பணம் தராது. வண்டியோடு வரும் கட்டாயக் காப்பீடு, தவறு யாருடையது என்று பார்க்காமல் முதலில் தருவது 30,000 பாட், அடுத்தவர் தவறு என்று நிரூபணமானால் 80,000 வரை. தலையில் அடிபட்டவருக்கு இது தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள்கூடத் தாங்காது. கிளம்புமுன் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கும்போது இருசக்கர வண்டிக்கான வகையிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் வகை மட்டும் இருந்தால் ஸ்கூட்டருக்குச் செல்லாது. ஒர்க் பெர்மிட் வந்ததும் தாய்லாந்து உரிமமே எடுத்துவிடலாம். மருத்துவச் சான்று, முகவரிக்கு ஆதாரம், நிறக்குருடு சோதனை, எழுத்துத் தேர்வு, குறுகலான பலகைமீது வண்டியைச் சாயாமல் ஓட்டும் சோதனை. முதலில் இரண்டு ஆண்டுக்குத் தருவார்கள், பிறகு ஐந்தாண்டு.

நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அந்தத் தைரியம்தான் ஆபத்து. கத்தூவிலிருந்து பாத்தோங்குக்கு இறங்கும் மலைச்சாலை செங்குத்து, வளைவு அதிகம். ஸ்கூட்டரில் கியர் கிடையாது. இறக்கம் முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டபடி எஞ்சினின் இழுவையோடு இறங்கி, விட்டுவிட்டுப் பிரேக் பிடிக்க வேண்டும். மழை பிடித்த முதல் பத்து நிமிடம் சாலையில் எண்ணெயும் மணலும் கரைந்து வழுக்கும், அந்த நேரம் ஓரமாக ஒதுங்கி நிற்பதே மேல்.

மழைக்காலத்தில் மலையடிவாரத்து மலிவு அறைகளையும் யோசித்து எடுங்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று கரோன் பகுதியில் மலை சரிந்து 13 பேர் இறந்தார்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி கட்டியிருந்தால் முட்டளவுத் தண்ணீரில்கூட இறங்காதீர்கள், மே முதல் அக்டோபர் வரை மேற்குக் கரையில் இழுப்பு கடுமையாக இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் ஏறிய அதே ஆழிப்பேரலை பாத்தோங்கையும் கமலாவையும் அடித்தது. எச்சரிக்கைக் கோபுரங்களும் மேட்டுக்கு வழிகாட்டும் பலகைகளும் தெருக்களில் உண்டு. குடியேறிய முதல் வாரத்தில் அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். காய்ச்சல் வந்தால் டெங்கு என்றே முதலில் நினையுங்கள். பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவது அங்கே இயல்பு, அவர்கள் அதை அசைவமாக எண்ணுவதில்லை. 'ஜே' என்று மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடையில்தான் மீன் சாறும் இருக்காது, வெங்காயம் பூண்டும் இருக்காது. குழந்தைகளோடு போக நினைப்பவர்கள், பள்ளிச் செலவைக் கேட்டறியாமல் முடிவெடுக்க வேண்டாம். சர்வதேசப் பள்ளிகளின் ஆண்டுக் கட்டணம் பல லட்சம் பாட், 35,000 சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த 35,000 முழுதாக வந்தால் கணக்கு இப்படி நிற்கும்: பிடித்தமும் வரியும் 1,300, வாடகை 7,000, மின்சாரம், தண்ணீர் 2,000, சாப்பாடு 8,500, வண்டி வாடகையும் பெட்ரோலும் 4,500, கைப்பேசி, சில்லறை 1,500. மிச்சம் ஏறத்தாழ 10,000 பாட். பாட்டை ரூபாயால் பெருக்கி மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல், இந்த மிச்சத்தை மட்டும் பெருக்கிப் பார்க்க வேண்டும். கையில் 20,000 மட்டுமே வருகிறவருக்கு, கடை மாடி அறையும் கடைச் சாப்பாடும் இருந்தால்தான் எதாவது மிஞ்சும். அவர் அந்தக் கடையை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

புக்கெட் என்று சொல்லிவிட்டுப் பாங்காக்கில் இறக்கி, காரில் மே சோட்டுக்குக் கூட்டிப்போகும் கும்பல்கள் பற்றி வாசகர்கள் படித்திருப்பார்கள். மே சோட் வடமேற்கு எல்லையில், ஆற்றுக்கு அக்கரையில் மியான்மரின் மியாவதி. அங்கே இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் மீட்டு வந்தார்கள். புக்கெட் தெற்கே, அந்தமான் கடலில் இருக்கும் தீவு. பாங்காக்கிலிருந்து வண்டி வடக்கே திரும்பினால் அது உங்கள் வேலை இல்லை. பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே இறங்கி, சுற்றுலாக் காவல் எண் 1155ஐ அழையுங்கள். ஊர் திரும்பும்போது யாரோ கொடுக்கும் பொட்டலத்தையும் வாங்காதீர்கள். தாய்லாந்தில் கஞ்சாக் கடைகள் கண்ணுக்கு எதிரே இருக்கும், சென்னை விமான நிலையத்தில் அதே பொருள் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் சிறை.

இங்கிருந்தே செய்ய வேண்டியவை உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலைக்குப் போகும்போது அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. டூரிஸ்டாக அனுப்புவதன் முக்கிய நோக்கமே இந்தச் சோதனையைத் தாண்டுவதுதான். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும், அதற்கு ரசீது உண்டு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறும். பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்தான், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் அயலகத் தமிழர் நலத் துறையிலும் வேலைக் கடிதத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.

புக்கெட்டுக்கு நேர் வடக்கே தக்குவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, அதன் காவலை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவிடமும் சேனாமுகத்தாரிடமும் ஒப்படைத்ததைச் சொல்கிறது. அந்தக் கரைக்கு நம்மவர் போனது புதிதில்லை. அன்று வணிகக் குழுவாக, காவலோடு போனார்கள். இன்று ஒவ்வொருவரும் தனியாக, ஒரு ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் போகிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். வெளிநாட்டு வேலை விளம்பரம் எதுவாக இருந்தாலும், ஏஜென்டின் பதிவு எண்ணும், வேலை தரும் நிறுவனத்தின் பெயரும், எந்த விசா என்பதும் இல்லாமல் தங்கள் நாளிதழில் அச்சேற வேண்டாம். பதிவு எண்ணை அச்சுக்குப் போகுமுன் இ-மைக்ரேட் தளத்தில் ஒருமுறை சரிபார்க்க விளம்பரப் பிரிவுக்குச் சொல்லுங்கள், ஓர் எண்ணுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. விளம்பரப் பக்கத்தின் அடியில் "டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வது குற்றம்" என்ற ஒரு வரியையும் நாள்தோறும் போட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புக்கெட் ஓட்டல், உணவகத் துறையில் பணிபுரியும் தமிழர்கள் சிலர்